பெயரை ஏற்கிறது, பட்டியலைக் காட்ட மறுக்கிறது

கணினி: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கணினியையே கோப்புச் சர்வராக வைத்துக்கொள்வது எப்படி என்று இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதற்குப் பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைச் சொல்கின்றன. சர்வர் ஓடுகிறது, ஆனால் வெளியூரில் இருப்பவருக்குக் கோப்பு கிடைக்கவில்லை. வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நாளிதழின் பக்கம் அனுப்பும் பிரிவில் 20 ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் நான். முடிந்த பக்கங்களை வெளியூர் அச்சகங்களுக்கு எஃப்டிபி வழியாக, அதாவது கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பும் முறையில், அனுப்புவது வேலை. நள்ளிரவுக்குள் பக்கம் போய்ச் சேராவிட்டால் காலையில் அந்த ஊருக்குப் பேப்பர் கிடையாது. கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அந்த இரவுகளில் கற்றது.

கேள்வி: காலண்டர் வடிவமைக்கிறேன். அச்சகத்தாரும் வெளியூர் ஏஜென்டுகளும் பெரிய கோப்புகளை எடுத்துக்கொள்ள வீட்டுக் கணினியில் ஃபைல்ஸில்லா என்ற எஃப்டிபி சர்வர் நிரலை நிறுவினேன். ரூட்டரில் 21-ஆம் போர்ட்டைத் திறந்து கணினிக்குத் திருப்பிவிட்டேன். வெளியிலிருந்து வருபவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொள்கிறது. கோப்புப் பட்டியல் மட்டும் வருவதில்லை. 20 விநாடி நின்றுவிட்டுத் துண்டித்துவிடுகிறது. மூன்று முறை சர்வரை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லை. — ஒரு வாசகர், சிவகாசி

பதில்: நான்காவது முறை நிறுவ வேண்டாம். உங்கள் சர்வரில் பழுதில்லை. கடவுச்சொல்லைச் சரிபார்த்து உள்ளே விட்டதே அதற்குச் சாட்சி.

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள் தேவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிச் சிக்கல் தெளிந்துவிடும். உங்கள் ஊர் வழக்கத்திலேயே சொல்கிறேன். அச்சகத்தின் முன்வாசலில் பேசி, பெயர் சொல்லி, ரசீது வாங்குகிறோம். கட்டுகளை ஏற்றிக்கொள்வது பின்பக்கக் குடோன் கதவில். 21-ஆம் போர்ட் முன்வாசல். அங்கே பேச்சு மட்டுமே நடக்கும். கோப்பு வருவதும் போவதும் மட்டுமன்றி, கோப்புப் பட்டியல்கூட ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கப்படும் இரண்டாவது கதவு வழியாகத்தான் வரும். நீங்கள் ரூட்டரில் முன்வாசலை மட்டும் திறந்துவைத்திருக்கிறீர்கள்.

அந்த இரண்டாவது கதவு எது என்பதைச் சர்வரே சொல்லும். வெளியூர் ஏஜென்டின் ஃபைல்ஸில்லா திரையில் மேல்பகுதியில் வரிவரியாக ஓடுகிறதே, அதை அப்படியே நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 227 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் இப்படி: 227 எண்டரிங் பாசிவ் மோட் (192,168,1,10,195,80).

அடைப்புக்குறிக்குள் ஆறு எண்கள். முதல் நான்கும் முகவரி: 192.168.1.10. கடைசி இரண்டும் கதவின் எண். ஐந்தாவது எண்ணை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்ட வேண்டும். 195 × 256 = 49,920; அதோடு 80 கூட்டினால் 50,000. "192.168.1.10 என்ற இடத்தில் 50,000-ஆம் கதவுக்கு வா" என்று உங்கள் சர்வர் கூப்பிடுகிறது.

இரண்டு தவறுகளும் இந்த ஒரு வரியிலேயே தெரிகின்றன. 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. கோயம்புத்தூரில் இருக்கும் ஏஜென்டுக்கு அது அவர் வீட்டுப் பிரின்டராகக்கூட இருக்கலாம். முகவரி சரியாகவே இருந்தாலும், 50,000-ஆம் கதவை உங்கள் ரூட்டர் யாருக்கும் திறக்காது. அதனால்தான் ஏஜென்டின் கணினி 20 விநாடி காத்திருந்துவிட்டுக் கைவிடுகிறது.

இந்த முறையை வகுத்தவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. எஃப்டிபியின் முதல் வரையறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்குப் போனவர். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1985-இல் எழுதப்பட்டது. அப்போதெல்லாம் வலையில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் நேரடியாகத் தன் முகவரி இருந்தது. ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு வீட்டையே மறைத்துவைக்கும் முறை பற்றிய ஆவணம் 1994-இல்தான் வந்தது. நம் வீட்டு ரூட்டர் செய்வது அந்த வேலையைத்தான். சர்வருக்குத் தன் உள்முகவரி மட்டுமே தெரியும்; அதைத்தான் அது உண்மையாக எடுத்துச் சொல்கிறது. வெளிமுகவரியை நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஃபைல்ஸில்லா சர்வரின் அமைப்புகளில் பாசிவ் மோட் என்ற பக்கத்துக்குப் போங்கள். போர்ட் எண்களை அதன் போக்கில் விடாமல் 50,000 முதல் 50,050 வரை என்று வரையறுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தாலும் 51 கதவுகள் தாராளம். அதே பக்கத்தில் வெளிமுகவரி கேட்கும் கட்டத்தில் உங்கள் ரூட்டருக்கு வந்திருக்கும் ஐபி முகவரியைக் கொடுங்கள். அது அடிக்கடி மாறுமானால், மாறும் முகவரியைத் தொடர்ந்து பதிவுசெய்யும் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றில் ஒரு பெயர் வாங்கி, அந்தப் பெயரைக் கொடுக்கலாம். லினக்ஸில் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதே மூன்று விவரங்கள்தாம்: தொடக்க எண், முடிவு எண், வெளிமுகவரி.

அடுத்து ரூட்டர். 21-ஆம் போர்ட்டைத் திருப்பிவிட்டதைப் போலவே 50,000–50,050 முழுவதையும் அதே கணினிக்குத் திருப்புங்கள். பல ரூட்டர்களில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மறந்துபோவது வழக்கமாக நடக்கிறது. பிறகு விண்டோஸ் ஃபயர்வால். சர்வர் நிரலைப் பிரைவேட், பப்ளிக் என்ற இரண்டு வலை வகைகளிலும் அனுமதியுங்கள். உங்கள் வீட்டு வைஃபையை விண்டோஸ் பப்ளிக் என்று குறித்துவைத்திருந்தால், பிரைவேட்டில் மட்டும் கொடுத்த அனுமதி செல்லாது.

எல்லாம் முடித்ததும் மறுபடி அந்த 227 வரியைப் பாருங்கள். உங்கள் வெளிமுகவரி உதாரணத்துக்கு 203.0.113.25 என்றால், (203,0,113,25,195,90) என்பது போல வர வேண்டும். 195 × 256 + 90 = 50,010. நீங்கள் வரையறுத்த எல்லைக்குள் இருக்கிறது, சரி. இன்னும் 192.168 என்றே வந்தால் வெளிமுகவரியைச் சர்வர் எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபைல்ஸில்லாவால் பார்ப்பவர், உள்முகவரி வந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு ஏற்கெனவே தெரிந்த வெளிமுகவரியையே பிடித்துக்கொள்வார். அந்த நிரலில் அந்தப் புத்தி இருக்கிறது. வேறு நிரல் வைத்திருப்பவர் தோற்றுப்போவார். "ஒருவருக்கு வருகிறது, ஒருவருக்கு வரவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் முகவரிக் கட்டத்தைச் சந்தேகப்படுங்கள். அதேபோல, விண்டோஸின் கறுப்புத் திரையில் எஃப்டிபி என்று தட்டிச் சோதிக்காதீர்கள். சர்வர் சொல்லும் கதவுக்கு வருபவரே தேடிப் போகும் பாசிவ் முறை அந்தப் பழைய நிரலுக்குத் தெரியாது. பழைய ஆக்டிவ் முறையில் சர்வர்தான் வருபவரின் கணினியைத் தேடிப் போக வேண்டும். வருபவரும் ஒரு ரூட்டருக்குப் பின்னால் இருப்பதால் அதுவும் சுவரில் முட்டி நிற்கும். சர்வர் சரியாக இருக்கும்போதே கெட்டது என்று காட்டும்.

கேள்வி: கோவையில் இருக்கும் நண்பர் என் சர்வருக்குள் வந்துவிடுகிறார். என் வீட்டிலிருந்து அதே வெளிமுகவரியைக் கொடுத்தால் எனக்கு வரவில்லை. — ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் சர்வர் நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து புறப்பட்டு வெளிமுகவரிக்குப் போய் மறுபடி வீட்டுக்குள்ளேயே திரும்பும் போக்கைப் பல ரூட்டர்கள் கையாள்வதில்லை. வீட்டில் இருக்கும்போது உள்முகவரியைப் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து சோதிக்க வேண்டுமானால் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து வெளிமுகவரியைச் சோதித்து, வரவில்லை என்று நல்ல அமைப்புகளைக் கலைத்துவிட்டவர்களின் கடிதங்கள் இந்த மாதம் மட்டும் நான்கு.

கேள்வி: பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்கிறோம். படித்துக் கொடுப்பவர்கள் ஏழு பேரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களின் பதிவுகள் என் கணினிக்கு வந்துசேர வேண்டும். நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் தளங்கள் அனைத்தும் மூடியிருக்கிறது என்றே சொல்கின்றன. எதை மாற்றினாலும் அதே பதில். — ஒரு ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த வேலை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. அதனால் காரணத்தையும் வழியையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு சோதனை. ரூட்டரின் நிலவரப் பக்கத்தைத் திறந்து, வெளி இணைப்புக்கு என்ன ஐபி முகவரி வந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உங்கள் ஐபி முகவரி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு இணையதளத்தில் வருவதை அதன் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது, தேடிப் பிடித்துவிடலாம். வேறு வேறாக இருந்தால், உங்களுக்கும் இணையத்துக்கும் இடையில் இன்னொரு ரூட்டர் இருக்கிறது. உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் அந்த நடு ரூட்டர் யாரையும் உங்களிடம் அனுப்பாது.

அந்த நடு ரூட்டர் உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கலாம். மதுரையில் என் மைத்துனர் வீட்டில் அப்படித்தான் இருந்தது. ஃபைபர் இணைப்புக் கொடுத்தவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியே ஒரு ரூட்டர். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று அவர் கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி அதன் பின்னால் இணைத்திருந்தார். போர்ட்டைத் திறந்ததெல்லாம் புதியதில். நான் போய்ப் பார்த்தபோது அதன் வெளிமுகவரி 192.168.1.4 என்று காட்டியது. வெளி என்று எழுதிய கட்டத்தில் வீட்டு முகவரி! அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. புதிய ரூட்டரை வெறும் வைஃபைப் பெட்டியாக, அதாவது அக்சஸ் பாயின்டாக மாற்றிவிட்டு, சுவரில் இருந்த பெட்டியில் போர்ட்டைத் திறந்தோம். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

நீங்கள் எழுதும் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் விஷயம் வேறு. அந்த எண்கள் 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஆகவே இணைப்பு நிறுவனங்கள் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்துகொடுக்கின்றன. தெரு முழுவதற்கும் ஒரே தபால் பெட்டி வைத்ததைப் போன்ற நிலை. வீட்டிலிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உங்கள் வீட்டைக் குறிப்பிட்டு யாரும் வர முடியாது. முகவரி 10 என்று தொடங்கினாலும் அநேகமாக இதுவே காரணம்.

இணைப்பு நிறுவனத்திடம் நிலையான வெளிமுகவரி கேட்கலாம். பலர் கூடுதல் கட்டணத்துக்குத் தருகிறார்கள். கேட்கும்போது "ஸ்டாட்டிக் ஐபி வேண்டும்" என்று மட்டும் சொல்லாமல், அது வெளியிலிருந்து எட்டக்கூடிய பப்ளிக் முகவரிதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி உங்களுக்கு வருகிறது என்றால் அதுவும் ஒரு வழி. அதில் போர்ட்டைத் திருப்பிவிடத் தேவையில்லை, ஃபயர்வாலில் அனுமதித்தால் போதும். ஆனால் அனுப்பும் ஏழு பேருக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும். ஒருவருக்கு இல்லை என்றாலும் அவர் வெளியே நின்றுவிடுவார்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, டெயில்ஸ்கேல் போன்ற ஒரு தனிவலை நிரலை எட்டுக் கணினிகளிலும் நிறுவுவேன். ஒவ்வொரு கணினியும் வெளிநோக்கித்தான் இணைப்பை ஏற்படுத்துகிறது; அதனால் நடு ரூட்டர் தடுப்பதில்லை. ரூட்டரில் ஒரு போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. நடக்கும் போக்குவரத்து முழுவதும் மறைகுறியாக்கத்தில் போகும். ஏழு பேரும் தெரிந்தவர்கள், ஒருமுறை நிறுவிக்கொடுத்துவிட்டால் போதும் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தும். அந்த நிரல் கொடுக்கும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும். பார்த்துவிட்டு மறுபடி பழைய சிக்கல் வந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். அதே எண் வரிசையை அவர்களும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்புபவர்களுக்கும் அந்த நிரல் இருக்கிறது.

கேள்வி: ஆறு மாதம் நன்றாக ஓடிய சர்வர், பாதுகாப்புக்காக மறைகுறியாக்கத்தை இயக்கிய அன்றே நின்றுவிட்டது. அதை அணைத்தால் ஓடுகிறது. அணைத்தே வைத்துவிடலாமா? எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி என்று இரண்டு சொல்கிறார்களே, அவை ஒன்றுதானா? — ஒரு வாசகர், சேலம்

பதில்: அணைத்து வைக்காதீர்கள். அது அணைந்திருக்கும்போது கடவுச்சொல் அப்படியே வெறும் எழுத்தாக வழி நெடுகப் போகிறது. இடையில் இருப்பவர் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியும்.

உங்கள் ரூட்டருக்குள் ஒரு உதவியாளர் இருந்திருக்கிறார். 21-ஆம் போர்ட்டில் நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்டு, 227 வரியில் இருக்கும் உள்முகவரியை அழித்து வெளிமுகவரியை எழுதி, தேவையான கதவையும் அந்தக் கணமே திறந்துவிடுவது அவர் வேலை. ரூட்டர் அமைப்புகளில் ஏஎல்ஜி என்று இருக்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே ஆறு மாதம் ஓடியது அவரால்தான். பேச்சை மறைகுறியாக்கியதும் அவருக்கு எதுவும் புரியவில்லை, வேலை நின்றுவிட்டது. சர்வரை 21-ஐ விட்டு 2121 போன்ற வேறு போர்ட்டுக்கு மாற்றுபவர்களுக்கும் இதே அனுபவம்தான். அந்த உதவியாளர் 21-ஐ மட்டும் கவனிப்பவர். சிவகாசி வாசகருக்குச் சொன்னபடி கதவு எண்களையும் வெளிமுகவரியையும் நீங்களே கொடுத்துவிட்டு, ஏஎல்ஜியை அணைத்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்யப் போய்க் குழப்பம் வருவதும் உண்டு.

எஃப்டிபிஎஸ் என்பது அதே எஃப்டிபி, மேலே ஒரு பூட்டு. இரண்டு இணைப்புகள், கதவு எண்கள் எல்லாம் அப்படியே இருக்கும். எஸ்எஃப்டிபி வேறு வமிசம். தொலைவில் இருக்கும் கணினிக்குள் மறைகுறியாக்கத்தோடு நுழையும் முறையான எஸ்எஸ்எச் வழியாக வருவது. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிய ஒரு சம்பவத்துக்குப் பிறகு, டாட்டு இலோனன் எஸ்எஸ்எச்சை எழுதினார். தொலைக் கணினிக்குள் நுழையும் பழைய முறையான டெல்நெட்டின் 23-க்கும் எஃப்டிபியின் 21-க்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். பேச்சும் சரக்கும் இந்த ஒரே இணைப்பில் போகின்றன. ரூட்டரில் ஒரே ஒரு போர்ட்டைத் திருப்பினால் முடிந்தது. 227 வரியும் இல்லை, 256-ஆல் பெருக்கவும் வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எஸ்எஃப்டிபியிலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வருபவர்கள் ஃபைல்ஸில்லாவையே பயன்படுத்தலாம்; அதில் எஸ்எஃப்டிபி இருக்கிறது. சர்வர் பக்கம் விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-லும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் கூடுதல் வசதியாகக் கிடைக்கிறது. லினக்ஸில் எளிதாக நிறுவிக்கொள்ளலாம். பழைய கேமரா, ஸ்கேனர் போன்றவற்றுக்கு எஃப்டிபி மட்டுமே தெரியும் என்றால் வேறு வழியில்லை, அதையே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எதுவாக இருந்தாலும், போர்ட்டைத் திறந்த சில மணி நேரத்துக்குள் உலகத்தின் எங்கெங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கத் தொடங்கும். சர்வரின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். நீங்கள் வைக்காத பெயர்களில் எல்லாம் யாரோ கதவைத் தட்டியிருப்பார்கள். ஆகவே நீண்ட கடவுச்சொல். முடிந்தால் அதற்குப் பதில், கடவுச்சொல் இல்லாமலேயே ஆளை அடையாளம் காட்டும் சாவிக்கோப்பு. ஆளுக்கு ஒரு பயனர் பெயர், ஒவ்வொருவருக்கும் அவரவர் ஃபோல்டர் மட்டும்.

கேள்வி: ரூட்டர் விற்ற கடைக்காரர், டிஎம்இசட்டில் கணினியைப் போட்டுவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்கிறார். செய்யலாமா? — ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். கதவு எண் எது என்று தெரியாததற்காக வீட்டின் 65,535 கதவுகளையும் திறந்துவைப்பது அது. ஃபயர்வாலில் ஒரு சிறு தவறு இருந்தாலும் கணினியில் ஓடும் ஒவ்வொரு சேவையும் தெருவுக்கு வந்துவிடும். ஐந்து நிமிடம் சோதனைக்காகப் போட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு எடுப்பவர்கள் உண்டு. எடுக்க மறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றும் "டைம்டு அவுட்" என்றும் மாறி மாறி வருவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, போய்ச் சேர்ந்த இடத்தில் கணினி இருக்கிறது, அந்தக் கதவில் நிற்க ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பியது. சர்வர் நிரல் ஓடுகிறதா, போர்ட் எண் சரியா என்று பாருங்கள். இரண்டாவது, தட்டியதற்கு எந்தப் பதிலுமே வராதது. ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், அல்லது ரூட்டர் இல்லாத ஒரு முகவரிக்குத் திருப்பியிருக்கலாம். மின்சாரம் போய் வந்த நாளில் மாறுகிறது என்றால் உங்கள் கணினியின் உள்முகவரி 192.168.1.10-லிருந்து வேறொன்றாகிவிட்டது. ரூட்டரில் உள்முகவரிகளைப் பிரித்துக்கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் அந்தக் கணினிக்கு அந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: திருமண வீடியோக்களை எடிட்டருக்கு அனுப்புகிறேன். சிறிய கோப்புகள் போய்விடுகின்றன. 40 ஜிபி அளவுள்ளது மட்டும் 100 சதவீதம் காட்டிவிட்டு, அதன் பிறகு டைம் அவுட் என்கிறது. பிறகு தானாகவே முதலிலிருந்து அனுப்பத் தொடங்குகிறது. ஓர் இரவு முழுவதும் வீணாகிறது. — ஒரு புகைப்படக் கலைஞர், கும்பகோணம்

பதில்: உங்கள் கோப்பு முதல் முறையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த முறை உடனே நிறுத்திவிட்டு எடிட்டரின் கணினியில் கோப்பின் அளவைப் பாருங்கள்.

மூன்று நான்கு மணி நேரம் சரக்குக் கதவில் கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது முன்வாசலில் ஒரு பேச்சும் இல்லை. நீண்ட நேரம் பேச்சில்லாத இணைப்பை ரூட்டர் முடிந்துபோனதாக நினைத்துத் தன் பட்டியலிலிருந்து அழித்துவிடுகிறது. குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்று 2008-இல் ஒரு வரையறை எழுதினார்கள். அதை எல்லா வீட்டு ரூட்டர்களும் பின்பற்றுவதில்லை. கோப்பு முழுவதும் போன பிறகு "பெற்றுக்கொண்டேன்" என்ற 226 வரியைச் சர்வர் அனுப்பும்போது, அது வரும் வழி மூடிக் கிடக்கிறது. உங்கள் நிரலோ பதில் வரவில்லையே என்று மறுபடி அனுப்புகிறது.

பேச்சில்லாத இணைப்பை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்ற டிசிபி காலவரம்பை மாற்ற ரூட்டரில் இடமிருந்தால் கூட்டிவையுங்கள். எஸ்எஃப்டிபிக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே எழாது. பேச்சும் சரக்கும் ஒரே வழியில் போவதால் வழி ஓய்வதில்லை. எதற்கும், ஒரே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் முதலிலிருந்து எழுதாமல் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அமைத்துவிடுங்கள்.

சதவீதத்தை நம்பாதீர்கள், பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். பக்கம் அனுப்பும் பிரிவில் எங்கள் வழக்கம் இது. ஒரு பக்கம் போய்ச் சேர்ந்ததும் அச்சகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கோப்பின் பைட் எண்ணிக்கையை இலக்கம் இலக்கமாகப் படிப்போம். மறுமுனையில் இருப்பவர் தன் திரையில் இருப்பதைத் திரும்பப் படிப்பார். ஒருநாள் இரவு ஒன்றேகால் மணிக்கு விளையாட்டுப் பக்கத்துக்கு நான் படித்த எண் ஒன்று, அவர் படித்தது சில ஆயிரம் குறைவு. மறுபடி அனுப்பினோம், அதே குறைவு, அதே எண். வழியில் துண்டித்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நின்றிருக்கும். இரண்டு முறையும் ஒரே அளவு குறைந்ததால்தான் பிடிபட்டது: அந்தக் கணினியை அன்று புதிதாக அமைத்தவர், வெறும் எழுத்துக் கோப்புகளுக்கான ஆஸ்கி முறையில் விட்டிருந்தார். வரிமுடிவுக் குறி என்று நினைத்துப் படத்துக்குள் இருந்த பைட்டுகளை அது உருவி எறிந்துகொண்டிருந்தது. எதையும் தொடாமல் அப்படியே அனுப்பும் பைனரி முறைக்கு மாற்றியதும் எண்கள் ஒத்தன. ஒன்றரை மணிக்குத் தகடு போட்டார்கள்.

உங்கள் எடிட்டரோடு அப்படிப் படித்துப் பார்க்க நேரமில்லை என்றால், இரண்டு பக்கமும் விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையைக் கொடுத்து, கோப்பின் கைரேகை போல வரும் 64 எழுத்துகளை வாட்ஸ்அப்பில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒத்துப்போன பிறகு கேமரா கார்டை அழிக்கலாம்.